எமது காணி உறுதிக்கு முந்திய உறுதி

நடுவர் அவர்களே, அவையோரே! ரொறன்ரோவில் விழாத் தொடக்கத்தில் இது மிசிசாகா முதலான பூர்வகுடிகளின் நிலம் என்று வாசிப்பது வெறும் சடங்கல்ல, நீதிக்கு வழிதிறக்கும் செயலே என்று வாதிட வந்திருக்கிறேன்.

வாசித்ததால் ஒரு முழ நிலமாவது திரும்பியதா என்று எதிரணித் தலைவர் கேட்டார். வாசிப்பு மட்டும் நிலத்தைத் திருப்பித் தராது. ஆனால் இந்நிலம் எப்படிக் கைமாறியது என்ற கேள்வியை அதுவே எழுப்புகிறது. எமது ஊரில் காணி வாங்குமுன் பழைய உறுதிப் பத்திரங்களையெல்லாம் தேடிப் பார்ப்பவர்கள் நாம். ரொறன்ரோவின் உறுதியையும் பாருங்கள். 1787-இல் மிசிசாகா மக்களிடமிருந்து பிரித்தானிய முடியாட்சி நிலம் பெற்றதாகச் சொல்லப்படும் ஆவணம் பின்னர் வெற்றுத்தாளாகவே காணப்பட்டது. கையொப்பமாக மூன்று தலைவர்கள் இட்ட குலக்குறிகள் வேறு துண்டுத்தாள்களில் வரையப்பட்டு அதனுடன் இணைக்கப்பட்டிருந்தன. எல்லை எது, அளவு எவ்வளவு என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அந்த ஆவணம் செல்லாது என்பதை அம்மக்களிடம் மறைத்து, 1805-இல் புதிய ஒப்பந்தம் எழுதி, பத்து ஷில்லிங்குக்குச் சுமார் 2,50,000 ஏக்கரைத் தமதாக்கிக்கொண்டார்கள். ஒரு நகரத்தின் விலை பத்து ஷில்லிங்!

நாங்கள் அகதிகளாக வந்தவர்கள், பறித்தவர்கள் அல்லர், எமக்கு ஏன் இந்த வாசிப்பு என்பது எதிரணியின் இன்னொரு வாதம். பறித்தவர்கள் அல்லர் என்பது உண்மைதான். ஆனால் 2010-இல் கனடிய அரசு இந்நிலக் கோரிக்கையைத் தீர்க்க மிசிசாகா மக்களுக்கு 14.5 கோடி டொலர் வழங்கியது. அரசுப் பணம் என்றால் அதில் இந்நாட்டில் உழைக்கும் எமது வரியும் அடங்கும். எதற்காகக் கொடுத்தோம் என்பதை அறியாமலே எம்மில் பலர் கொடுத்திருக்கிறோம். வீட்டையும் காணியையும் விட்டு ஓடிவந்தவர்களின் பிள்ளைகளுக்கு இன்னொரு மக்களின் இழப்பு தெரியாமற்போவது எனக்குத் தாங்க முடியாத வேதனை.

பெயர்களைத் தடுமாறி உச்சரித்து, இரண்டு நிமிடத்தில் ஓட்டி முடிக்கிறார்கள் என்ற குறையை நான் மறுக்கவில்லை. அது வாசிப்பவரின் அக்கறையின்மை. அதற்காக வாசிப்பையே கைவிடச் சொல்வது எப்படிப் பொருந்தும்?

ஆகவே நடுவர் அவர்களே, அந்த வாசிப்பு தொடர வேண்டும் என்றும், இனி அதில் வெற்றுத்தாளும் பத்து ஷில்லிங்கும் இடம்பெற வேண்டும் என்றும் தீர்ப்பளிக்குமாறு வேண்டி அமர்கிறேன்.