மண் ரோட்டுக்கு எந்த ஜி.பி.எஸ்.?

நேயர்களுக்கு வணக்கம்.

பெங்களூரில் மேப் பார்க்காமல் வண்டியை எடுக்கிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நெரிசலில் சில்க் போர்டு சந்திப்பு எவ்வளவு சிவப்பு, ஹெப்பால் எவ்வளவு சிவப்பு என்று பார்த்துவிட்டுத்தான் செருப்பையே மாட்டுகிறோம். ஆனால் ஞாயிறு விடிகாலையில் கனகபுரா தாண்டி, தார் ரோட்டை விட்டு இறங்கி, தைலமரத் தோப்புக்குள் பைக்கை விடுகிற கூட்டம் ஒன்றும் இந்த ஊரில் இருக்கிறது. நானும் அதில் ஒருவன். எங்களிடம் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "கையில்தான் போன் இருக்கே சார், தனியா ஜி.பி.எஸ். எதுக்கு? வாங்கினா எதை வாங்கறது?"

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். டவர் இல்லாத இடத்தில் போனின் ஜி.பி.எஸ். படுத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஏறக்குறைய 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து செயற்கைக்கோள்கள் அனுப்புவதைப் போன் வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். சிம் கார்டே இல்லாவிட்டாலும் வாங்கும். நான்கு செயற்கைக்கோள்கள் அகப்பட்டால் நாம் நிற்கும் இடம் தெரிந்துவிடும். டவர் இல்லையென்றால் முதல் தடவை பிடிக்கச் சில நிமிடம் ஆகலாம். வராமல் போவது மேப் படம்தான். அதை வீட்டு வைஃபையில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் சரி.

ஆகவே, அட்டைப்பெட்டியில் அமெரிக்க ஜி.பி.எஸ்., ரஷ்யாவின் க்ளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, நம் இஸ்ரோவின் நாவிக் என்று செயற்கைக்கோள் அமைப்புகளை வரிசையாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். இருந்தால் நல்லது, மரத்தடியிலும் பள்ளத்தாக்கிலும் கைகொடுக்கும். அதற்காகவே கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. நாவிக் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அதன் மையம் நம் ஊருக்கு வெளியே பியாலாலுவில்தான் இருக்கிறது. சந்திரயானோடு பேசுகிற அந்தப் பெரிய வெள்ளை ஆன்டெனாத் தட்டும் அங்கேதான். அந்தப் பக்கம் பைக்கில் போனால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மண் ரோட்டில் கருவியைச் சோதிப்பது குலுக்கல், புழுதி, மழை, வெயில். மணிக்கணக்கில் குலுங்கிய பிறகும் அது உயிரோடு இருக்கிறதா, வெயிலில் திரை கண்ணுக்குத் தெரிகிறதா? நான் பார்ப்பது இந்த இரண்டைத்தான். பெரிய எஞ்சின்களின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாக நேரே ஏறினால் ஐபோன் கேமரா கெட்டுப்போகலாம் என்று 2021-ல் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது. படம் ஆடாமல் இருப்பதற்காக உள்ளே வைத்திருக்கும் நுணுக்கமான பாகங்கள்தான் முதலில் அடிவாங்கும். போனைத்தான் மாட்டுவேன் என்றால், அதிர்வை வாங்கிக்கொள்ளும் ரப்பர் வைத்த மவுண்ட், அதாவது தாங்கி, கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் மேசை டிராயரில் தூங்குகிற பழைய போன் ஒன்றை அதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

கடைக்குப் போகும்போது ஓட்டுகிற கிளவுஸை எடுத்துக்கொண்டு போங்கள். அதைப் போட்டுக்கொண்டே திரையைத் தொட்டுப் பாருங்கள். விரலுக்கு மசிகிற திரை கிளவுஸுக்கு மசியாது. மழைத்துளி விழுந்தாலோ அதுவாகவே எதையாவது அமுக்கிக்கொள்ளும். பொத்தான் வைத்த பழைய பாணிக் கருவிகளை நான் இன்னும் விரும்புவது இதனால்தான். ஐ.பி. 67 என்று போட்டிருந்தால் புழுதி உள்ளே போகாது, ஒரு மீட்டர் தண்ணீரில் அரைமணி நேரம் தாங்கும் என்று அர்த்தம்.

அடுத்து வயர். என்னைத் தெரிந்தவர்கள் "வயர் புராணம் ஆரம்பிச்சாச்சு" என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். காட்டில் திரை அணைந்துபோவதற்கு நான் கண்ட முதல் காரணம் சார்ஜர் முனைதான். போனின் சின்னத் துளையில் செருகிய முனை குலுங்கிக் குலுங்கித் தளர்ந்துவிடும், மழை வந்தால் அந்தத் துளையில் தண்ணீர். பைக்குக்கென்றே செய்த கருவிகளில் தாங்கியிலேயே மின்தொடர்பு இருக்கிறது. கருவியை அழுத்திப் பூட்டினால் போதும். விலை கூடுதல்தான், நான் காசு கொடுப்பது பாதி அந்தத் தாங்கிக்குத்தான். நடுவில் ஃபியூஸ் போடுங்கள். சாவியைத் திருப்பினால்தான் மின்சாரம் வரும்படி இணைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் காலையில் பேட்டரி காலி. வயர் சமாசாரமே வேண்டாம் என்றால் கார்மின் ஈட்ரெக்ஸ் மாதிரி கைக்கருவிகள் இருக்கின்றன. திரை சின்னது, ஆனால் இரண்டு ஏஏ பேட்டரி போட்டால் ஒரு நாள் சவாரி ஓடிவிடும். அந்த பேட்டரி எந்தக் கிராமத்துப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும்.

இப்போது எங்கள் குழுவின் அல்சூர் அண்ணன் கதை. சொல்லாமல் விட்டால் அவரே கோபித்துக்கொள்வார். விலை கூடிய கருவி ஒன்று புதிதாக வாங்கியிருந்தார். மலையடிவாரக் கோயிலில் எல்லாரும் சந்திப்பது என்று பேச்சு. போகும் வழியைப் பதிந்து வைத்த ஒரே ஜி.பி.எக்ஸ். ஃபைலை எல்லாருக்கும் அனுப்பினோம். கேழ்வரகுக் கொல்லை ஓரமாக, காய்ந்த ஓடைக்குள் இறங்கி ஏறி, பல்லெல்லாம் செம்மண்ணோடு நாங்கள் போய்ச் சேர்ந்தோம். அண்ணனைக் காணோம். போன் போட்டால், "தம்பி, நான் எப்பவோ வந்துட்டேன், மலைக்கு இந்தப் பக்கம். தட்டு இட்லி சூடா இருக்கு, நீங்க எங்கப்பா?" என்கிறார். போய்ப் பார்த்தால் சட்டையில் ஒரு பொட்டு மண் இல்லை!

நடந்தது என்னவென்றால், எங்கள் கருவிகள் அந்த ஃபைலை ட்ராக்காக எடுத்துக்கொண்டன. ட்ராக் என்றால் முன்னால் ஒருவர் போன தடம், அப்படியே கோடாகத் தெரியும். அண்ணனுடைய கருவி அதை ரூட்டாக மாற்றிக்கொண்டது. ரூட் என்பது ஆட்டோக்காரரிடம் இடத்தை மட்டும் சொல்வது மாதிரி. எந்த வழியாகப் போவது என்பது அவர் முடிவு. போதாததற்கு, மண் ரோட்டைத் தவிர்க்கச் சொல்லும் அமைப்பு வேறு அதில் போட்டபடி இருந்தது. ஆகவே வாங்கும்முன் கேளுங்கள்: ட்ராக்கை மாற்றாமல் அப்படியே காட்டுமா? மறுபடியும் சொல்கிறேன், ட்ராக்கை அப்படியே காட்டுமா? ஆம் என்று சொல்லாத கருவியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப் பற்றி நிறையச் சொல்ல இருந்தேன். இலவச மேப், நம் காட்டு வழிகள் பல அதில் இருக்கின்றன, அதோடு விடுகிறேன். மேப்பில் கோடு இருக்கிறது என்பதற்காக வனத்துறை கேட்டுக்குள் நுழையாதீர்கள். கனகபுரா பக்கம் யானை நடமாட்டம் உண்டு. முக்கியமான ஒன்று: இன்ரீச் மாதிரி செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியை வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் யாராவது வாங்கி வருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் இங்கே அதை வைத்திருக்கக் கூடாது. விமான நிலையத்திலேயே பிடிபட்டவர்கள் இருக்கிறார்கள். நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.