கப்பல் கண்ணெதிரே நிற்கும், ஆனால் ஏற முடியாது! க்ரூஸுக்கு முந்தைய நாளே ஏன் போய்ச் சேர வேண்டும்?

[திரையில்: மும்பை பல்லார்ட் பியர், சாயங்கால வெயில், கரையோடு கட்டி நிற்கும் வெள்ளைக் கப்பல்]

கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்பார்கள். எங்கள் சித்தப்பா வைத்தார். கப்பல் ஒன்றும் கவிழவில்லை. ஜம்மென்று கண்ணெதிரே நின்றது. தடித்தடிக் கயிறுகளால் கரையோடு கட்டியிருந்தார்கள். மேல் தளத்தில் யாரோ ஜூஸ் குடித்துக்கொண்டு கையசைத்தார். சித்தப்பா கையில் டிக்கெட், சித்தி கையில் முறுக்கு டப்பா, நடுவில் ஒரு மூடிய கேட்.

"ஏல, கப்பல் இங்கனதான நிக்கு, பொறவு என்ன?" என்று என்னைக் கேட்டார். நானென்ன கேப்டனா? கொஞ்ச நேரத்தில் ஹாரன் அடித்துவிட்டு அது போய்விட்டது. கட்டிய பணத்தில் ஒரு பைசா திரும்பவில்லை.

வணக்கம் மக்களே. இந்த வீடியோ அந்தக் கேட்டைப் பற்றியது. சப்ஸ்கிரைப் செய்யாதவர்கள் இப்போதே செய்துவிடுங்கள், அதற்கும் கேட் மூடும் நேரம் உண்டு. (இல்லை, சும்மா சொன்னேன். ஆனாலும் செய்யுங்கள்.)

பின்கதை சுருக்கமாக: மும்பையில் பல்லார்ட் பியரிலிருந்து கோவா, லட்சத்தீவு, கொச்சி பக்கமெல்லாம் க்ரூஸ் கப்பல் போகிறது. சீசன் பெரும்பாலும் மழை முடிந்த பிறகு. கொர்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பலைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள், 1990ல் கட்டியது. பின்கதை முடிந்தது.

சித்தப்பா என்ன செய்தார்? கப்பல் கிளம்பும் அன்றைக்கே காலையில் மதுரையிலிருந்து விமானம் ஏறினார். சென்னையில் மாறி மும்பை. இரண்டும் தனித்தனி டிக்கெட், ஏனென்றால் அப்படி வாங்கினால் 1,400 ரூபாய் மிச்சம். முதல் விமானம் ஒன்றே முக்கால் மணி நேரம் தாமதம். இரண்டாவது இவருக்காக நிற்கவில்லை. அடுத்ததில் இடம் பிடித்து, மும்பையில் இறங்கி, பெட்டிக்காகக் காத்திருந்து, டாக்சியில் ஊர்ந்து வந்தால், மேற்படி கேட்.

சரி, நின்றுகொண்டிருக்கும் கப்பலில் ஏன் ஏற்றக் கூடாது? ஐந்து நிமிட வேலைதானே?

இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி. கேட்டை மூடுவது யாரோ ஒரு காவலாளியின் கோபத்தால் இல்லை. கப்பல் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் முன்பே பயணிகள் பட்டியல் முடிந்துவிட வேண்டும். எத்தனை பேர் உள்ளே, யார் யார் என்ற கணக்கு துறைமுகத்துக்கும் அதிகாரிகளுக்கும் போகும். அமெரிக்கத் துறைமுகங்களில் கிளம்புவதற்கு 60 நிமிடம் முன்பே பட்டியலைக் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டமே. அதற்குப் பிறகு கப்பல் பார்க்கத்தான் நிற்கிறது, கணக்குப்படி அது போய்விட்டது.

இன்னொன்று, லைஃப் ஜாக்கெட் பயிற்சி. 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்ததே, நினைவிருக்கிறதா? அப்போதிருந்த விதிப்படி, ஏறி 24 மணி நேரத்துக்குள் பயிற்சி கொடுத்தால் போதும். அன்றைக்கு ஏறிய பலருக்குப் பயிற்சி நடக்கவே இல்லை. அதன் பிறகு விதியைத் திருத்தினார்கள். 2015லிருந்து, கிளம்புவதற்கு முன்போ கிளம்பியவுடனேயோ பயிற்சி முடிந்தாக வேண்டும். கடைசி நிமிடத்தில் ஓடி வருகிறவரை எங்கே நிறுத்திச் சொல்லிக் கொடுப்பது?

பெரிய காரணம், கடலில் தாமதத்தை ஈடுகட்டுவது பயங்கரச் செலவு. பஸ் டிரைவர் என்றால் திண்டிவனத்தில் விட்டதை விழுப்புரத்துக்குள் பிடித்துவிடுவார். கப்பலால் முடியாது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவதில் ஒரு கணக்கு இருக்கிறது. இன்ஜினுக்கு வேண்டிய சக்தி ஏறக்குறைய வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப ஏறும். வேகத்தை 10 சதவீதம் கூட்டினால் சக்தி சுமார் 33 சதவீதம் கூட வேண்டும். 20 சதவீதம் கூட்டினால் 70 சதவீதத்துக்கும் மேல்! இரண்டு பேருக்காக ஒரு மணி நேரம் நின்றால், ராத்திரி முழுக்க அதற்கான எண்ணெயை எரிக்க வேண்டும். போதாததற்கு கப்பலுக்குத் துறைமுகத்தில் வழிகாட்டும் பைலட், இழுவைப் படகு, அடுத்த துறைமுகத்தில் இடம் எல்லாம் நேரம் குறித்து வைத்தவை. சித்தப்பாவிடம் இந்த மும்மடிக் கணக்கைச் சொன்னேன். முறைத்தார்.

[திரையில்: பழைய பாம்பன் பாலத்தில் ரயில்]

இப்போது ஒரு வேடிக்கை. ஒரு காலத்தில் கப்பல் நமக்காகக் காத்திருந்தது! அதுவும் நம் ஊரில்.

போட் மெயில் என்று தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1914ல் பாம்பன் பாலம் திறந்ததும் சென்னையிலிருந்து ரயில் நேராக தனுஷ்கோடி வரை போனது. அங்கே இறங்கினால் பக்கத்திலேயே கப்பல். சுமார் 35 கிலோமீட்டர் கடலைத் தாண்டினால் தலைமன்னார். அங்கே கொழும்புக்கு ரயில் தயார். சென்னையில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் கொழும்பு! ரயிலையும் கப்பலையும் நடத்தியது ஒரே தென்னிந்திய ரயில்வே. ரயில் வரும் நேரத்தை வைத்துத்தான் கப்பலின் நேரம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே வாரிக்கொண்டு போனதோடு அந்த வழி முடிந்தது. ராமேஸ்வரம் ரயிலை மட்டும் இன்றைக்கும் போட் மெயில் என்றே கூப்பிடுகிறோம். போட் இல்லாத போட் மெயில்.

மும்பையிலும் இதே கதை உண்டு. இதே பல்லார்ட் பியரில் ஒரு ரயில் நிலையமே இருந்தது. 1928ல் தொடங்கிய ஃப்ராண்டியர் மெயில் என்ற ரயில், ஐரோப்பாவிலிருந்து தபால் கப்பல் வரும் காலங்களில், பயணிகளை ஏற்றிக்கொண்டு துறைமுகத்திலிருந்தே பெஷாவருக்குக் கிளம்பியது. இறங்கு, ஏறு, அவ்வளவுதான்.

நூறு வருடம் முன்னேறி நாம் வந்து சேர்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். விமான டிக்கெட் ஒருவரிடம், கப்பல் டிக்கெட் இன்னொருவரிடம். இரண்டும் நம் போனில் அடுத்தடுத்து இருக்கின்றன, ஆனால் ஒன்றுக்கு மற்றது யாரென்றே தெரியாது. விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் விதிப்படி வேறு விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். முன்னறிவிப்பில்லாமல் ரத்து செய்தால் நஷ்ட ஈடு அதிகபட்சம் 10,000 ரூபாய், அதுவும் வானிலைக் காரணம் என்றால் கிடையாது. போன கப்பலுக்கு அவர்கள் பொறுப்பில்லை. விமானம் தாமதமானதற்குக் கப்பல்காரரும் பொறுப்பில்லை. நடுவில் நாம், முறுக்கு டப்பாவோடு.

ஆகவே அந்த ரயில்வே செய்த வேலையை நாமே செய்ய வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு ராத்திரியை வைப்பது. வேறு ஊரிலிருந்து மும்பைக் கப்பலுக்கு வருகிறவர்களுக்கு என் கணக்கு: முந்தைய நாள் மத்தியானத்துக்குள் மும்பை. முந்தைய நாள் கடைசி விமானம் வேண்டவே வேண்டாம்.

ஏன் கடைசி விமானம் வேண்டாம்? ஒரே விமானம் ஒரு நாளில் நாலைந்து ஊருக்குப் பறக்கிறது. காலையில் எங்கோ பிடித்த தாமதம் சாயங்காலம் வரை கூடவே வரும். அதனால் பொதுவாக காலை முதல் விமானம்தான் நல்லது. ஆனால் டெல்லிக்காரர்களே, டிசம்பர் ஜனவரியில் உங்களுக்கு இது தலைகீழ். மூடுபனி விடியற்காலையில்தான் கெட்டியாக இருக்கும், அந்த மாதங்களில் காலைப் பத்து, பதினொரு மணிக்கு மேல் பாருங்கள். மும்பைக் கப்பல் சீசனும் அதே மாதங்களில்தான் என்பது விதியின் குறும்பு. டெல்லியில் பனி என்றால் எனக்கென்ன என்று மதுரைக்காரர் நினைக்கலாம். உங்களை ஏற்றிப் போக வேண்டிய விமானமே அங்கே மாட்டியிருக்கலாம். மும்பையில் இரண்டு ஓடுபாதை இருந்தாலும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன, ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். தாமதம் சேர்ந்தால் வடிய நேரமாகும்.

பனி, மழை மட்டுமா? 2024 ஜூலை 19, ஒரு மென்பொருள் அப்டேட் உலகம் முழுக்கக் கணினிகளைப் படுக்க வைத்தது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பேனா! அதை எந்த ஜோசியர் சொன்னார்?

ரயிலில் வருகிறவர்கள் இன்னும் தாராளமாக வையுங்கள். நாகர்கோவில், திருநெல்வேலி பக்கமிருந்து ஒன்றரை நாள் பயணம், கடைசி நூறு கிலோமீட்டரில் சிக்னலில் நிற்பது தனி அனுபவம். ஒரு நல்ல விஷயம், சி.எஸ்.எம்.டி. (பழைய வி.டி.) ரயில் நிலையத்திலிருந்து பல்லார்ட் பியர் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை.

விமானத்தில் வந்தால் எந்த விமான நிலையம் என்று டிக்கெட்டைப் பாருங்கள். 2025 டிசம்பரிலிருந்து நவி மும்பையிலும் விமானம் இறங்குகிறது. அங்கிருந்து அடல் சேது வழியே வரலாம், கிட்டத்தட்ட 22 கிலோமீட்டர் பாலம், காட்சி பிரமாதம். ஆனால் உறவுக்காரர் ஒரு விமான நிலையத்திலும் நீங்கள் இன்னொன்றிலும் நிற்பது பிரமாதமில்லை.

மும்பைக்காரர்களே, நீங்கள் சிரிக்க வேண்டாம். முலுண்டில் வீட்டுச் சோபாவில் படுத்துக்கொண்டு "தாதர் தாண்டிட்டேன்" என்று சொல்வீர்களே, அதெல்லாம் கப்பலிடம் நடக்காது.

"அடுத்த துறைமுகத்தில் போய்ப் பிடித்துக்கொள்ளலாமே?" என்று கமென்ட்டில் கேட்பீர்கள், தெரியும். கப்பல்காரர் அனுமதித்தால்தான். அடுத்த நிறுத்தம் லட்சத்தீவு என்றால், அங்கே விமான நிலையம் இருப்பது அகத்தியில் மட்டும், போக அனுமதிச் சீட்டும் வேண்டும். அமெரிக்காவில் இதைவிட விசித்திரம். சியாட்டிலில் அலாஸ்கா கப்பலைத் தவறவிட்டு, அலாஸ்காவின் கெட்சிக்கன் துறைமுகத்தில் ஏறி, திரும்ப சியாட்டிலில் இறங்கினால் அபராதம் விழும்! வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் இரண்டு அமெரிக்கத் துறைமுகங்களுக்கு நடுவே ஆள் ஏற்றக் கூடாது என்று 1886ல் போட்ட சட்டம்.

சிங்கப்பூரிலிருந்து கப்பல் ஏறுகிறவர்கள் இரண்டு ராத்திரி முன்னால் போங்கள். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அரைத் தூக்கத்தில் கணக்குத் தப்பும். சிங்கப்பூருக்குள் நுழைய வேண்டிய எஸ்.ஜி. வருகை அட்டையைத் தரையிறங்கும் தேதிக்கு நிரப்ப வேண்டும், கப்பல் ஏறும் தேதிக்கு இல்லை.

காப்பீடு எடுங்கள், எத்தனை மணி நேரத் தாமதத்துக்கு மேல் பணம் வரும் என்ற வரியைப் படித்துவிட்டு எடுங்கள். மாத்திரை, பாஸ்போர்ட், ஒரு மாற்றுத் துணி கைப்பையில். அவ்வளவுதான், அதற்குத் தனி வீடியோ போட மாட்டேன்.

செலவு? மும்பை ஃபோர்ட் பகுதியில் ஒரு ராத்திரி அறை வாடகை, போன கப்பலின் டிக்கெட்டை ஒப்பிட்டால் சுண்டைக்காய். அறை எதற்கு, செம்பூரிலோ தாராவியிலோ சயானிலோ நம் ஆட்களுக்கு ஒரு ஒன்றுவிட்ட அத்தையாவது இல்லாமலா போய்விடுவார்? அந்த உபரி நாளும் வீண் இல்லை. காலையில் மாட்டுங்கா போய் கஃபே மெட்ராஸ் ஓட்டல் வரிசையில் நில்லுங்கள். காபியில் கும்பகோணமே தோற்கும் என்று சொல்லமாட்டேன், எனக்கும் ஊர்ப்பாசம் உண்டு. ஆனால் அந்த வரிசையில் நிற்பது ஒரு மும்பை அனுபவம்.

யோசித்தால், நமக்கு இதை யாரும் சொல்லித் தரவே வேண்டாம். ஒன்பதரை மணி ரயிலுக்கு ஏழரை மணிக்கே எழும்பூர் பிளாட்பாரத்தில் பெட்டி மேல் உட்கார வைத்த அப்பாக்கள் வளர்த்த பிள்ளைகள் நாம். ஆப் வந்ததும் அந்தப் புத்தி எங்கே போனதோ. உங்கள் அப்பா எத்தனை மணி நேரம் முன்னால் கூட்டிப் போவார் என்று கமென்ட்டில் எழுதுங்கள். என் அப்பாவின் சாதனை மூன்றே கால் மணி நேரம். முறியடித்தால் உங்கள் கமென்ட்டை மேலே பின் (pin) செய்கிறேன்.

[திரையில்: அதே கேட், காலை வெயில்]

சித்தப்பா அடுத்த வருடம் மறுபடி டிக்கெட் போட்டார். இரண்டு நாள் முன்பே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். கப்பல் ஏறும் அன்று நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால் ஆளைக் காணோம். போன் செய்தேன். காலை எட்டே முக்காலுக்குப் பல்லார்ட் பியர் கேட்டில் நிற்கிறார். மத்தியானம்தான் உள்ளே விடுவார்கள், உங்கள் டிக்கெட்டிலேயே நேரம் போட்டிருக்கிறதே என்றேன்.

"அது கெடக்கட்டும்ல. கேட்டு தொறந்துதான் இருக்கு. ஆனா கப்பலைக் காணுமே, போயிட்டாக்கும்?" என்றார்.

அது அப்போதுதான் கோவாவிலிருந்து வந்துகொண்டிருந்தது.