கிற்றாரின் உட்சட்டமும் அதன் விலையும்

(கிளிநொச்சியில், ஆலயப் பாடகர் குழுக்களில் கிற்றார் வாசிக்கும் இளையோரும் அவர்களின் பெற்றோரும் கூடியிருந்த அவையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பிள்ளைக்குக் கிற்றார் வாங்கப் புறப்படும் பெற்றோர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: கூடிய விலை கொடுத்தால் நாதமும் கூடுமா? விவரம் அறிந்த பிள்ளைகள் அதற்கும் மேலே போய், உள்ளே இருக்கும் சட்டம் எக்ஸ் வடிவமா, வி வடிவமா என்று கேட்கிறார்கள். உட்சட்டம் நாதத்தை உண்மையாகவே ஆளுகிறது. விலை ஓர் எல்லை வரைதான் நாதத்தோடு சேர்ந்து ஏறுகிறது. இந்த இரண்டையும் இன்று சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன்.

சுருதி கூட்டிய ஆறு உருக்குக் கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ பாரத்துக்கு ஈடான விசையோடு இழுக்கின்றன. அந்த இழுவையைத் தாங்க வேண்டிய மேற்பலகையின், அதாவது ஒலித்துளையுள்ள முன்புறப் பலகையின், தடிப்போ 3 மில்லிமீற்றர் அளவுதான். பலகையைத் தடிப்பாக்கினால் அது தாங்கும், ஆனால் அதிராது. மெல்லியதாக்கினால் நன்றாக அதிரும், ஆனால் நாளடைவில், கம்பிகளைப் பலகையோடு பிணைக்கும் பிரிட்ஜுக்குப் பின்னால் வயிறு தள்ளிவிடும். இந்த இக்கட்டுக்கு விடையாகத்தான் பலகையின் உட்புறத்தில் சட்டங்களை ஒட்டுகிறார்கள். ஒரு சட்டத்தின் அகலத்தை இரு மடங்காக்கினால் அதன் விறைப்பும் இரு மடங்காகும். உயரத்தை இரு மடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும். வீட்டுக் கூரைக்கு வளை வைக்கும் நம் தச்சர்கள் அதைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைப்பதும் இதே காரணத்தால்தான். மரத்தின் தேர்வும் இங்கே முக்கியம். நம் காட்டு முதிரை மிக உறுதியானது, ஆனால் ஸ்புரூஸ் என்னும் குளிர்நாட்டு ஊசியிலை மரத்தைப் போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட பாரமுடையது; கம்பியின் சிறிய சக்தியால் அந்தப் பாரத்தை ஆட்ட முடியாது. பாரம் குறைந்தும் விறைப்பு நிறைந்தும் இருப்பதனால்தான் கிற்றார் செய்வோர் ஸ்புரூஸைத் தேடிப் போகிறார்கள்.

அமெரிக்காவில் மார்ட்டின் என்னும் கிற்றார்ப் பட்டறை 1840களில் எக்ஸ் வடிவச் சட்டத்தைக் கையாளத் தொடங்கியது. பிற்காலத்தில் அச்சட்டங்களை இடையிடையே பள்ளமாகச் செதுக்கிப் பாரத்தைக் குறைத்தார்கள். வாசிப்போர் தடித்த கம்பிகளைப் பூட்டியதால் பலகைகள் வளைந்து பழுதுபார்க்க வந்தன. 1944இன் பிற்பகுதியில் அந்நிறுவனம் செதுக்குவதையே நிறுத்திவிட்டது. அதற்கு முன்பு செய்யப்பட்டவற்றை இன்றும் இசைஞர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். வடிவம் அப்போதும் எக்ஸ்தான், பின்னரும் எக்ஸ்தான். மாறியது சட்டத்திலிருந்து சீவியெடுத்த மரத்தின் அளவு மட்டுமே. ஆகவே, 2018இல் டெய்லர் என்னும் கிற்றார் நிறுவனம் கொண்டுவந்த வி வடிவத்தைப் பற்றிக் கேட்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, வடிவத்தின் பெயரைக் காட்டிலும் அது எவ்வளவு இலேசாகவும் கவனமாகவும் செதுக்கப்பட்டுள்ளது என்பதையே பாருங்கள் என்பதாகும்.

இனி விலைக்கு வருவோம். ஸ்பெயின் நாட்டுக் கிற்றார்க் கைவினைஞர் அந்தோனியோ தெ தொரெஸ், 1862இல், பக்கங்களையும் பின்புறத்தையும் கடதாசிக் கூழினால் செய்து, மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தில் அமைத்து ஒரு கிற்றார் செய்தார். நாதத்தின் பெரும்பகுதி மேற்பலகையிலிருந்தே பிறக்கிறது என்பதை அவர் கையாலேயே காட்டிவிட்டார். 2018இல் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பக்கங்களுக்கும் பின்புறத்துக்கும் மட்டும் வெவ்வேறு மரம் கொண்ட ஆறு கிற்றார்களை, எது எதுவெனத் தெரியாதபடி மங்கிய ஒளியில், 52 பேரிடம் வாசிக்கக் கொடுத்தார்கள். அரிதும் விலை மிக்கதுமான பிரேசில் ரோஸ்வூட் அவற்றில் ஒன்று. மலிவான மரங்களும் இருந்தன. வாசித்தோர் கொடுத்த மதிப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லை. பிரேசில் ரோஸ்வூட் வணிகம் 1992 முதல் பன்னாட்டு உடன்படிக்கையால் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. அதற்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு அந்த அருமைக்கான பணம். முத்துச்சிப்பி பதித்த அலங்காரத்துக்கும் கண்ணாடிப் பொலிஷுக்கும் கொடுப்பதும் அழகுக்கான பணமே. அழகை விரும்புவது தவறில்லை; அதை நாதம் என்று நம்பிக் கடன்படுவதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன்.

விலைக்கு நாதம் உண்மையில் கிடைக்கும் இடம் வேறு. தொழிற்சாலையில் எல்லாப் பலகையும் ஒரே அளவுக்குச் சீவப்படும், எந்தக் கம்பி பூட்டினாலும் உடையாதபடி சற்றுத் தடிப்பாகவே விடப்படும். கைத்தொழிலாளரோ ஒவ்வொரு பலகையையும் வளைத்தும் தட்டியும் பார்த்து, அதன் இயல்புக்கு ஏற்ப உளியைப் பிடிக்கிறார். அந்த நேரத்துக்கும் கைப்பக்குவத்துக்கும் விலை உண்டு, அதன் பயன் காதுக்குக் கேட்கவும் செய்யும். அந்த விலைக்குக் கீழே, பிளைவூட் மேற்பலகையிலிருந்து முழுமரப் பலகைக்கு ஏறும் அந்த ஒரு படிதான் செலவுக்கு மிகுந்த பயன் தருவது என்பது என் கருத்து. கடையில் இதை அறிவது எளிது: ஒலித்துளையின் விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மேலே தெரியும் மர ரேகை விளிம்பின் தடிப்பு முழுவதும் இறங்கினால் அது முழுமரம். குறுக்கே அடுக்கடுக்காகக் கோடுகள் தெரிந்தால் பிளைவூட்.

ஆயினும் வன்னியில் நாம் இன்னொன்றையும் எண்ண வேண்டும். மாரியில் ஈரத்தால் முழுமரப் பலகை ஊதிக் கம்பிகளை உயர்த்தும். கோடையில் தகரக்கூரையின் கீழும் பூட்டிய வானிலும் வெக்கையால் பசை இளகிச் சட்டம் கழன்றுவிடும். ஊர் ஊராகக் கூட்டங்களுக்குக் கொண்டு செல்லும் குழுவுக்குப் பிளைவூட் கிற்றாரே கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். அதை மட்டமானது என்று ஒதுக்க நான் உடன்படேன். எதை வாங்கினாலும், கழுத்தின் பன்னிரண்டாம் கட்டைக்கு (ஃபிரெட்) மேலே தடித்த கம்பியின் உயரம் ஏறத்தாழ 2.5 மில்லிமீற்றரும் மெல்லிய கம்பியின் உயரம் 2 மில்லிமீற்றரும் இருக்கும்படி சரிசெய்வித்துக் கொள்ளுங்கள். கம்பி அதைவிட வெகுவாக உயர்ந்திருந்தால் பிள்ளையின் விரல் நோகும், அழுத்தும்போது சுருதியும் விலகும். ஏற்கெனவே வீட்டில் இருக்கும் கிற்றார் திடீரென்று கரகரத்தால், புதியது வாங்க முன்னர், பலகையை விரல்மூட்டால் மெல்லத் தட்டிக்கொண்டே போய், எந்த இடத்தில் சடசடக்கிறது என்று கவனியுங்கள். அங்கே சட்டம் பசை விட்டிருக்கக்கூடும், ஒலித்துளை வழியே பசையிட்டு இறுக்கினால் அது திருந்திவிடும்.