எண்ணெய் வைக்காத தலையோடு வாருங்கள்

வணக்கம் நேயர்களே. பேச அழைத்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. நான் தூக்கப் பரிசோதனை அறையில் இரவு வேலை பார்க்கும் டெக்னீஷியன். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள். உடம்பில் ஒயர்களை ஒட்டி, ஓர் இரவு அங்கேயே தூங்கவைத்துப் பதிவு செய்யும் அந்தப் பரிசோதனைக்கு நம் வீட்டிலிருந்து ஒருவர் போகும்போது என்ன உடுத்த வேண்டும், பையில் என்ன வைக்க வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு. சந்திப்புக் கடிதத்தில் தேதியும் நேரமும் இருக்கும். மற்றது எல்லாம் போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

"அசந்து தூங்குறாரு, குறட்டையைக் கேளு" என்று நம் வீடுகளில் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் சிலருக்கு அந்தக் குறட்டை நடுவில் சட்டென்று நின்றுவிடும். கூடவே மூச்சும் நிற்கும். பத்து விநாடி, இருபது விநாடி கழித்து ஒரு திணறலோடு மீண்டும் வரும். மூச்சு இப்படி நிற்பதும் வெகுவாகக் குறைவதும் மணிக்கு எத்தனை முறை என்று எண்ணுவதுதான் பரிசோதனையின் முக்கிய வேலை. பெரியவர்களுக்கு 5 முறையைத் தொட்டால், தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் தொடங்கிவிட்டது என்று கணக்கு. 15 என்றால் நடுத்தரம், 30 என்றால் கடுமை. இரத்த அழுத்தம் மருந்துக்கு அடங்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். செம்பனைக் குலை ஏற்றிய லாரியை ஓட்டுபவருக்கு ஸ்டியரிங்கில் கண் சொக்குகிறது என்றால், அது அவர் ஒருவரின் உயிர்ப் பிரச்சினை மட்டும் அல்ல. அதனால்தான் இந்த ஓர் இரவை வீணாக்கிவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

இரவு வீணாவதற்குப் பெரிய காரணம் தலை எண்ணெய். தலையில் ஒயர் எப்படி ஒட்டுகிறோம் என்று சொல்கிறேன். முடியை வகிடு பிரித்து, அந்த இடத்தை மணல் மணலான ஒரு ஜெல்லால் தேய்த்து, சட்டைப் பொத்தான் அளவுள்ள ஒரு சின்ன உலோகக் கிண்ணத்தில் பசையை நிரப்பி அழுத்துவோம். மூளையிலிருந்து அதற்கு வரும் மின்துடிப்பு மிக மிக மெல்லியது. ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் சில பத்துப் பங்குதான் இருக்கும். எண்ணெய்த் தலையில் கிண்ணம் முதலில் ஒட்டியது போலத்தான் இருக்கும். நள்ளிரவுக்கு மேல் வியர்த்து, புரண்டு படுத்ததும் வழுக்கிவிடும். திரையில் கோடு கிறுக்கலாகும். நாங்கள் உள்ளே வந்து தூங்குகிறவரை எழுப்பி மறுபடி ஒட்ட வேண்டும். தூக்கத்தை அளக்க வந்தவரின் தூக்கத்தை நாங்களே கெடுக்கிறோம்.

ஆகவே முதல் நாள் எண்ணெய் வைக்க வேண்டாம். போகும் நாள் ஷாம்பு போட்டு அலசி, கண்டிஷனர் போடாமல், நன்றாகக் காயவைத்து வாருங்கள். ஈரத் தலையும் சரிப்படாது. வெள்ளி, சனி எண்ணெய்க் குளியல் அன்றைக்கு வந்து மாட்டினால், அதை மறுநாளுக்குத் தள்ளிவையுங்கள். பூ, ஜவுரி முடி, ஹேர் கிரீம் எதுவும் வேண்டாம். நெற்றியிலும் ஓர் ஒயர் வரும் என்பதால் திருநீறு, பொட்டு வைத்திருந்தால் துடைப்போம். மனம் சங்கடப்படாதீர்கள், காலையில் மறுபடி வைத்துக்கொள்ளலாம். முகத்திலும் காலிலும் பவுடர், கிரீம், தைலம் பூசி வராதீர்கள். தினமும் சவரம் செய்யும் ஆண்கள் அன்றும் செய்துவிட்டு வாருங்கள், மோவாயிலும் ஒயர் ஒட்டுவோம்.

அடுத்தது உடை. நம் பெண்களில் பலர் இரவில் நைட்டி போடுகிறவர்கள். வீட்டுக்கு அது சுகம்தான், ஆனால் இந்த ஓர் இரவுக்கு வேண்டாம். நெஞ்சில் ஒட்டுவோம், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இரண்டு பட்டை கட்டுவோம், முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்திலும் ஒட்டுவோம். அந்த ஒயர் எல்லாம் உடைக்குள்ளாக மேலே ஏறி, தலைமாட்டில் உள்ள சின்னப் பெட்டிக்கு வரும். ஒற்றை உடை என்றால் மேல்வரை தூக்க வேண்டிவரும், உங்களுக்கும் கூச்சம். முன்பக்கம் பொத்தான் வைத்த தளர்ந்த சட்டையும், முழங்கால் வரை சுருட்ட முடிகிற காற்சட்டையும் போதும். பருத்தியாக இருக்கட்டும். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் விற்கும் சாதாரண செட்டே தாராளம். வழவழ நைலான் துணியில் பட்டை நழுவும். ஆண்களுக்கும் இதையே சொல்வேன். கைலி கட்டித்தான் தூக்கம் வரும் என்றால் கட்டிக்கொள்ளுங்கள், உள்ளே அரைக்கால் சட்டை போட்டிருங்கள். அறையில் கேமரா உண்டு. விளக்கை அணைத்த பிறகும் அது இருட்டில் படம் எடுக்கும், ஏனென்றால் மல்லாந்து படுக்கும்போது மூச்சு நிற்கிறதா, ஒருக்களித்தாலும் நிற்கிறதா என்று மருத்துவருக்குத் தெரிய வேண்டும். பெண் டெக்னீஷியன்தான் ஒட்ட வேண்டும் என்று விரும்பினால் தேதி வாங்கும்போதே கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

நகைகளைப் பொறுத்தவரை தாலியைக் கழற்ற வேண்டிய அவசியம் இல்லை, சற்று ஒதுக்கிவிட்டு ஒட்டலாம். கனமான சங்கிலி, வளையல், ஜிமிக்கியை வீட்டிலேயே விட்டு வாருங்கள். மூக்கில் மெல்லிய குழாய் வரும் என்பதால் பெரிய மூக்குத்தி இடிக்கும். ஒரு விரலாவது நகப் பூச்சு இல்லாமல் இருக்க வேண்டும், இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கிளிப் அங்கேதான். மருதாணி போட்டிருந்தால் சொல்லுங்கள், வேறு விரல் பார்ப்போம்.

பையில் முதலில் மைகார்டு என்கிற அடையாள அட்டை, மருத்துவரின் கடிதம், கிளினிக் புத்தகம். அதற்கு அடுத்து மருந்து. இரவிலும் காலையிலும் போடுகிற மாத்திரை, இன்சுலின் எல்லாவற்றையும் அட்டையோடு, பெட்டியோடு கொண்டு வாருங்கள். பரிசோதனை அறையில் மருந்து தருவார்கள் என்று நம்பி வராதீர்கள். தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அன்றைக்குப் போடலாமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். தானாக நிறுத்த வேண்டாம். தினமும் சம்சு சாராயமோ பீரோ குடிக்கிறவர்களுக்கும் இதேதான். குடித்துவிட்டு வந்தால் தொண்டைத் தசை தளர்ந்து கணக்கு மாறும். ஆனால் பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் ஆபத்தும் உண்டு. அதனால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், நாங்கள் யாரும் திட்டமாட்டோம்.

உங்கள் சொந்தத் தலையணையைக் கொண்டு வாருங்கள். இதை முக்கியமாகச் சொல்கிறேன். பழகிய தலையணை இல்லாமல் விடிய விடிய விழித்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏர்கோன் குளிரும், ஆகையால் முன்பக்கம் திறக்கிற ஸ்வெட்டர் ஒன்று. செருப்பு, துண்டு, சீப்பு, பல் துலக்கி, காலையில் மாற்ற ஓர் உடை, பல்செட் போடுகிறவர்களுக்கு அதன் டப்பா. தலையில் ஒட்டிய பசை வெந்நீர் பட்டால் கரையும், ஷாம்பு பொட்டலம் ஒன்று வைத்துக்கொண்டால் அங்கேயே கழுவிவிட்டு வரலாம். சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். மதியத்துக்குப் பிறகு கோப்பி, தே தாரேக், கோலா வேண்டாம். பகலில் குட்டித் தூக்கமும் வேண்டாம்.

விடியுமுன் தோட்டத்தில் பிரட்டுக்கு, அதாவது பேர் கொடுக்க, போகிறவர் எட்டரைக்கே கண் சொக்குவார். இரவில் ஜாகா, அதாவது காவல், வேலை பார்ப்பவருக்குப் பகல்தான் இரவு. உங்கள் நேரம் எது என்று தேதி வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். பிள்ளைக்குப் பரிசோதனை என்றால் பெற்றோரில் ஒருவர் கூடவே படுக்கும்படி ஆயத்தமாக வர வேண்டும். பிள்ளை கட்டிப்பிடித்துத் தூங்கும் போர்வையைத் துவைக்காமலே கொண்டு வாருங்கள், அந்த வாசனைக்குத்தான் அது தூங்கும்.

"கரண்டு அடிக்குமா மிஸ்ஸி?" என்று வயதானவர்கள் கேட்பார்கள். அடிக்காது. ஒயர் வழியாக உங்கள் உடம்புக்குள் எதுவும் போவதில்லை, உடம்பில் இருந்து வருவதை மட்டும்தான் எழுதிக்கொள்கிறோம். ஊசியும் கிடையாது. சிறுநீர் கழிக்க வேண்டுமானால் அடக்கிக்கொண்டு படுத்திருக்காதீர்கள். வாய்விட்டுக் கூப்பிட்டால் போதும், அறையில் மைக் இருக்கிறது. நான் வந்து பெட்டியின் பிளக்கைக் கழற்றித் தருவேன். அந்தப் பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய்விட்டு வரலாம்.

சிலருக்கு நடு இரவில் முகமூடி மாட்டி, காற்றை மெதுவாக அழுத்திக் கொடுக்கும் இயந்திரத்தை வைத்துப் பார்ப்போம். ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவனும் அவருடன் இருந்தவர்களும் 1981இல் வெளியிட்ட சிகிச்சை முறை இது. மூடிக்கொள்ளும் தொண்டையைக் காற்றாலேயே திறந்து வைக்கிறது. வீட்டில் ஏற்கெனவே இயந்திரம் வைத்திருப்பவர்கள் தங்கள் முகமூடியை மறக்காமல் எடுத்து வாருங்கள்.

காலையில் நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு திரும்ப வேண்டாம், மகனையோ மருமகனையோ வரச் சொல்லுங்கள். லாரி ஓட்டுகிற அண்ணன்மார் அன்றைக்கு லோடு ஒப்புக்கொள்ளாதீர்கள். முடிவு அன்றே கைக்கு வராது. இரவு முழுவதும் பதிவானதை அரை நிமிடம் அரை நிமிடமாகப் பார்த்து எண்ண வேண்டும். போகும் நாளில் சளி பிடித்து மூக்கடைத்திருந்தால் முன்கூட்டியே போன் செய்து வேறு தேதி கேளுங்கள், அடைத்த மூக்கோடு எடுத்த கணக்கு சரியாக இருக்காது. வணக்கம்.