எட்டாவது புத்தகமே முதல் புத்தகம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, படிக்க ஆசை இருந்தும் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் வந்து உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஆங்கில எழுத்தாளர் டெர்ரி பிராட்செட் எழுதிய டிஸ்க்வேர்ல்ட் நகைச்சுவை நாவல் வரிசை. விண்வெளியில் நீந்தும் ஓர் ஆமை, அதன் முதுகில் 4 யானைகள், அந்த யானைகளின் முதுகில் தட்டு மாதிரி ஓர் உலகம். 1983-இல் தொடங்கி 2015 வரை 41 நாவல்கள். இதைப் புதிதாகக் கையில் எடுப்பவர் முதலில் வெளிவந்த 'தி கலர் ஆஃப் மேஜிக்'கில்தான் தொடங்க வேண்டும் என்று எதிரணி பேசி முடித்திருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல நான் வந்திருக்கிறேன். எட்டாவதாக வந்ததே 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!', 1989-இல், அதைக் கொடுங்கள். அதுதான் வாசல்.

என் கதையிலிருந்தே வருகிறேன். எனக்கு முதல் புத்தகத்தைத்தான் முதலில் கொடுத்தார்கள். விழுந்து விழுந்து சிரிப்பாய் என்று சொல்லிக் கொடுத்தார்கள், நானும் ஆசையாகத்தான் உட்கார்ந்தேன். ரின்ஸ்விண்ட் என்று ஒரு கோழை மந்திரவாதி. டூஃப்ளவர் என்று ஒரு சுற்றுலாப் பயணி, அந்த உலகத்துக்கே முதல் சுற்றுலாப் பயணி அவர்தான். அவர் பின்னாலேயே குட்டிக் குட்டிக் கால்களால் ஓடிவரும் ஒரு மரப்பெட்டி. எல்லாம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் போகப் போக, ஒரு குடும்பத்தார் தங்களுக்குள் மட்டும் புரியும் கேலி பேசிச் சிரித்துக்கொண்டிருக்க, நடுவில் விருந்தாளியாகப் போய் மாட்டிக்கொண்டவர் மாதிரி ஆகிவிட்டது எனக்கு. இங்கே சிரிக்க வேண்டும் என்று தெரிகிறது, ஏன் என்று தெரியவில்லை. பாதியில் மூடி வைத்தேன். அப்புறம் 6 வருடம் அந்த எழுத்தாளர் பெயர் கண்ணில் பட்டாலே 'இது நமக்கு ஆகாது' என்று நகர்ந்துவிடுவேன். 6 வருடம்! அவருடைய அருமையான புத்தகங்கள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த 6 வருடம். அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை, அதனால்தான் இவ்வளவு சத்தமாகப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் பிடிபடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த முதல் புத்தகம் 4 கதைகளை ஒன்றோடொன்று கோத்துக் கட்டியது. அதற்கு முன்னால் ஆங்கிலத்தில் வந்திருந்த மாயாஜாலக் கதைகளைத்தான் அது கிண்டல் செய்கிறது. ஓரிடத்தில் ஃபிரிட்ஸ் லைபரின் வாள்வீரர் ஜோடி, இன்னோரிடத்தில் எச். பி. லவ்கிராஃப்டின் பயங்கரப் பழந்தெய்வங்கள், வேறோரிடத்தில் ஆன் மெக்காஃப்ரியின் டிராகன் வீரர்கள். அதையெல்லாம் படித்து வளர்ந்தவருக்கு அது விருந்துதான், மறுக்கவே இல்லை. படிக்காதவருக்கு? அசல் குரலையே கேட்டிராதவர் முன்னால் மிமிக்ரி செய்தால் அவருக்கு என்ன தெரியும்? குரல் மாறுகிறது என்பது மட்டும்தான் தெரியும்.

நடுவர் அவர்களே, என் வாதத்தின் வேரே இதுதான். முதல் புத்தகத்தின் சிரிப்பு புத்தகங்களைப் பார்த்து வருகிற சிரிப்பு. எட்டாவது புத்தகத்தின் சிரிப்பு மனிதர்களைப் பார்த்து வருகிறது. முதலாவதுக்குள் போக நீங்கள் ஏற்கெனவே ஓர் அலமாரி நிறையப் படித்திருக்க வேண்டும். எட்டாவதுக்குள் போக, மாதக் கடைசியில் ஒருமுறையாவது சட்டைப்பையைத் தடவிப் பார்த்திருந்தால் போதும், தப்பு என்று தெரிந்தும் பெரியவர்கள் முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும்.

அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். ஆங்க்-மோர்போர்க் என்று ஒரு நகரம். அங்கே திருடர்களுக்குச் சங்கம் இருக்கிறது, அரசாங்கம் ஒப்புக்கொண்ட சங்கம். வருடத்துக்கு இவ்வளவு திருடலாம் என்று அளவு உண்டு, திருடிவிட்டு ரசீதும் கொடுப்பார்கள். திருட்டே சட்டப்படி நடக்கும்போது இரவுக் காவல் படைக்கு என்ன வேலை? ஒன்றும் இல்லை. அதன் தலைவர் வைம்ஸ் குடித்துவிட்டு மழையில் சாக்கடையோரம் கிடக்கிறார், நமக்கு அவர் அறிமுகமாவதே அப்படித்தான். அவர் படையில் மிச்சம் இருப்பது 2 பேர். சார்ஜன்ட் கோலன், பிறகு நாபி. ஓடும் திருடனைத் துரத்தும்போது அவனைப் பிடித்துவிடாத வேகத்தில் ஓட வேண்டும் என்பது இவர்கள் அனுபவத்தில் கற்றுக்கொண்ட பாடம். வேகமாக ஓடிய ஒரு சகாவை அப்போதுதான் புதைத்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

இந்தக் கூட்டத்துக்குள் காரட் வந்து சேருகிறான். குள்ளர் இனத்தார் எடுத்து வளர்த்த மனிதப் பிள்ளை, ஆறரை அடி உயரம், மனதில் கள்ளம் இல்லை. நகரத்தின் பழைய சட்டப் புத்தகத்தை முழுக்க மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறான். வந்த வேகத்தில் என்ன செய்கிறான் தெரியுமா? திருடர் சங்கத் தலைவரையே கைது செய்துவிடுகிறான். அவர்தானே திருடர்களுக்குத் தலைவர், திருடுவது குற்றம் என்று புத்தகத்தில் இருக்கிறதே! இதைப் படித்துச் சிரிக்க வேறு எந்தப் புத்தகமும் தேவையில்லை. சிரித்து முடித்த பிறகு ஒரு கேள்வி தொண்டையில் நிற்கும். சட்டத்தை அப்படியே நம்புகிற ஒருவனைப் பார்த்து நமக்கு ஏன் சிரிப்பு வந்தது? வைம்ஸுக்கும் அதே கேள்விதான். அவர் குடியிலிருந்து எழுந்திருக்க ஆரம்பிக்கும் இடமும் அதுதான்.

இந்தப் புத்தகத்தை பிராட்செட் யாருக்குக் காணிக்கை ஆக்கியிருக்கிறார் என்று பாருங்கள். வீரக் கதைகளில் எல்லாம் கதாநாயகன் அரண்மனைக்குள் நுழைந்ததும் கும்பலாக ஓடிவந்து, ஒவ்வொருவராக வெட்டுப்பட்டுச் சாவார்களே காவலர்கள், பெயர்கூட இல்லாமல், உனக்கு இதில் விருப்பமா என்று யாருமே கேட்காமல். அவர்களுக்கு. அந்தப் பக்கத்தைப் படித்த நிமிடத்தில் நான் இந்த மனிதரின் ஆள் ஆகிவிட்டேன். கதை இன்னும் தொடங்கவே இல்லை.

சரி, எதிரணிக்கு வருகிறேன். எழுதிய வரிசையில் படிக்காவிட்டால் குழம்பிப் போவீர்கள் என்றார் எதிரணித் தலைவர். மந்திரவாதிகளின் பல்கலைக்கழக நூலகர் ஏன் ஒராங்குட்டானாக இருக்கிறார் என்பது இரண்டாவது புத்தகத்தைப் படிக்காமல் எப்படிப் புரியும் என்று கேட்டார். ஒரு மந்திர விபத்தில் மனிதக்குரங்காகிவிட்டார், அப்படியே இருப்பது வசதியாக இருக்கிறது என்று மீண்டும் மனிதராக மறுத்துவிட்டார். அவ்வளவுதான், சொல்லி முடித்துவிட்டேன். ஒரு மூச்சில் சொல்லக்கூடிய விஷயத்துக்காக 2 நாவல்களைச் சுமக்கச் சொல்வது நியாயமா?

உண்மையான குழப்பம் எங்கே வருகிறது தெரியுமா, முதலிலிருந்து வருகிறவருக்குத்தான் வருகிறது. முதல் புத்தகத்தில் நகரத்தை ஆளுகிறவர் விரல் நிறைய மோதிரமும் தொங்கும் தாடையுமாக ஏதோ தின்பண்டத்தைக் கொறித்துக்கொண்டு வருகிறார். பின்னால் வரும் புத்தகங்களில் அதே நகரத்தை ஆளும், நாம் உயிராக நினைக்கும் வெட்டினாரி ஒல்லியானவர், கறுப்பு உடைக்காரர், தேவையில்லாமல் ஒரு சொல் பேசாதவர். மரணமும் அப்படித்தான். இந்த வரிசையில் மரணம் ஒரு பாத்திரம், ஏறக்குறைய எல்லாப் புத்தகத்திலும் வருகிறது. முதல் புத்தகத்தில் அது எரிச்சலும் வன்மமும் பிடித்தது. 1987-இல் வந்த 'மார்ட்'டில் அதே மரணம் ஒரு பையனைத் தொழில் பழக எடுத்துக்கொண்டு, மனிதர்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஏங்கி, ஓர் உணவகத்தில் சமையல் வேலைக்குப் போகிறது. பூனைகள் மேல் அதற்கு அவ்வளவு பிரியம். எந்த மரணத்தை முதலில் சந்திக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால் நான் தயங்கவே மாட்டேன்.

இன்னொன்று. முதல் புத்தகம் முடிவதே இல்லை. ரின்ஸ்விண்ட் உலகத்தின் விளிம்பிலிருந்து கீழே விழுகிறான், புத்தகம் தீர்ந்துவிடுகிறது. மிச்சக் கதை 'தி லைட் ஃபான்டாஸ்டிக்' என்று 1986-இல்தான் வந்தது. புதிதாக வருகிறவருக்கு ஒரு முழுக் கதைகூடக் கொடுக்காமல் அடுத்ததை வாங்கு என்பதா முதல் அறிமுகம்?

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் சொன்னதை நான் மதிக்கிறேன், அதைச் சும்மா தாண்டிப் போக மனம் வரவில்லை. ஓர் எழுத்தாளர் புத்தகத்துக்குப் புத்தகம் வளர்வதைப் பார்ப்பது தனிச் சுகம் என்றார். சத்தியமான வார்த்தை. மின்சார வாரியத்தில் செய்தித் தொடர்பு அதிகாரியாக வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர் பிராட்செட். 1987-இல்தான் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக எழுத வந்தார். அந்த வளர்ச்சியைத் தேடிப் போய் நானும் பார்த்தேன், முதல் புத்தகத்தையும் பிறகு ரசித்துப் படித்தேன், அதில் வரும் காப்பீட்டுக் கூத்தைப் படித்து இரவில் தனியாகச் சிரித்தேன். ஆனால் எப்போது? அவர் எனக்கு நெருங்கியவர் ஆன பிறகு. நண்பனின் சின்ன வயது ஆல்பத்தை மணிக்கணக்கில் புரட்டுவோம். முன்பின் தெரியாதவர் கதவைத் திறந்ததும் ஆல்பத்தை நீட்டினால் எத்தனை பக்கம் பார்ப்போம்?

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். முதல் புத்தகத்தைப் படித்துவிட்டு 'பிராட்செட் எனக்குச் சரிப்பட்டு வரவில்லை' என்று போகிறவர் அதைத்தான் செய்கிறார், அவர்மேல் குற்றமே இல்லை. உலையில் போட்ட உடனே எடுத்த அரிசியை அவர் கையில் கொடுத்த நாம்தான் குற்றவாளிகள்.

என் அணியிலேயே ஒருவர் எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாம் என்று பேசினார். அதை நான் ஏற்கவில்லை, இங்கேயே சொல்லிவிடுகிறேன். 41-உம் தனித்தனி நாவல்தான், ஆனால் உள்ளே இழைகள் ஓடுகின்றன. காவலர் இழை, சூனியக்காரிகள் இழை, மரணத்தின் இழை, மந்திரவாதிகள் இழை. ஓர் இழையைப் பிடித்தால் அதன் நுனியில் பிடிக்க வேண்டும். 'நைட் வாட்ச்' 2002-இல் வந்தது, என்னைக் கேட்டால் இந்த வரிசையின் உச்சம் அது. வைம்ஸ் காலத்தில் பின்னோக்கி விழுந்து, இளைஞனான தன்னையே சந்தித்து, அவனுக்குக் காவல் தொழில் கற்றுக்கொடுக்கிற கதை. சாக்கடையோரம் கிடந்த அந்த மனிதரைப் பார்க்காமல் இதைப் படித்தால் நல்ல கதை. பார்த்துவிட்டுப் படித்தால் என்னால் அதைப் பற்றி நிதானமாகப் பேச முடியாது. அதேபோல கடைசிப் புத்தகமான 'தி ஷெப்பர்ட்ஸ் க்ரௌன்'. 2015 மார்ச் மாதம் பிராட்செட் இறந்தார், அது அதற்குப் பிறகு வெளிவந்தது. தயவுசெய்து அதை வைத்து யாரும் தொடங்காதீர்கள்.

காவலர் பிடிக்காதவர்கள்? 'மார்ட்' இருக்கிறது, சூனியக்காரிகள் வேண்டுமானால் 'வயர்ட் சிஸ்டர்ஸ்', ஒன்றே ஒன்றுதான் படிப்பேன் என்பவருக்கு 'ஸ்மால் காட்ஸ்', பிள்ளைகளுக்கு 'தி வீ ஃப்ரீ மென்'. இவை எதுவும் தவறில்லை. இருந்தாலும் நான் காவலர்களையே நீட்டுவேன், ஏனென்றால் அந்த இழையைப் பிடித்தால் நகரமே பின்னால் வருகிறது. அடுத்த புத்தகம் 1993-இல் வந்த 'மென் அட் ஆர்ம்ஸ்'. அதில் வைம்ஸ் தன் பூட்ஸைப் பற்றி யோசிக்கிறார். நல்ல பூட்ஸ் 50 டாலர், 10 வருடம் உழைக்கும். ஏழைக்கு முடிந்தது 10 டாலர் பூட்ஸ், ஒன்றிரண்டு பருவத்தில் அட்டை அடி தேய்ந்து ஒழுகும். 10 வருடத்தில் ஏழை 100 டாலர் செலவழித்திருப்பான், அப்போதும் கால் நனைந்தபடியேதான் இருக்கும். வறுமையைப் பற்றி இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. டிராகனும் குள்ளர்களும் வருகிற ஒரு நகைச்சுவை நாவலில் இது கிடைக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

நேரம் முடிகிறது என்று நடுவர் மணியைத் தொடுகிறார், ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு இறங்குகிறேன். 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' முடியும் இடம். டிராகன் ஒன்று நகரத்தையே ஆட்டிப்படைத்து ஓய்ந்திருக்கிறது, நகரம் மிஞ்சியிருக்கிறது, யாரும் மதிக்காத அந்தச் சின்னப் படை தன் பங்கைச் செய்திருக்கிறது. என்ன வெகுமதி வேண்டும், கேளுங்கள் என்கிறார் வெட்டினாரி. பொன் கேட்பார்கள், பதவி கேட்பார்கள் என்று சுற்றி நிற்கிறவர்கள் காத்திருக்கிறார்கள். காவலர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள், கூச்சப்படுகிறார்கள். பிறகு சார்ஜன்ட் கோலன் மெதுவாகக் கேட்கிறார். மாதம் 5 டாலர் சம்பள உயர்வு. பழைய கெட்டில் போய்விட்டது, புதிதாக ஒன்று. அதிகம் இல்லை என்றால், அம்பு எறிந்து விளையாட ஒரு பலகை.