பிடிக்கும், பசிக்கும், வேண்டும்: ஆங்கிலத்தில் சொல்லும்போது

பழைய வடஆற்காட்டு நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

"எனக்கு ஆம்பூர் பிரியாணி பிடிக்கும்" என்கிறோம். இங்கே எழுவாய் பிரியாணி. நமக்குக் கிடைப்பது நான்காம் வேற்றுமை மட்டும். ஆங்கிலத்திலோ 'ஐ லைக் பிரியாணி' என்று 'நான்' முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வேடிக்கை என்னவென்றால், பழைய ஆங்கிலமும் நம் வழியில்தான் போனது. 'லைக்' என்ற வினைக்கு அப்போது மகிழ்ச்சி தருதல் என்று பொருள். 'இட் லைக்ஸ் மீ' என்றால் அது எனக்குப் பிடிக்கிறது. 1600 வாக்கில்கூட அந்த வழக்கு முழுசாக மறையவில்லை.

'லைக்' விஷயத்தில் நம் பிள்ளைகள் செய்யும் பிழைகள் பெரும்பாலும் இந்த இடமாற்றத்தில்தான் பிறக்கின்றன. "பிடிக்குமா?" என்று கேட்டால் தமிழில் "பிடிக்கும்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். அதே பழக்கத்தில் 'யெஸ், ஐ லைக்' என்று நிறுத்திவிடுகிறோம். ஆங்கிலக் காதுக்கு அது பாதி வாக்கியம். 'ஐ லைக் இட்' என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் 'யெஸ், ஐ டூ'. "ரொம்பப் பிடிக்கும்" என்பதை 'ஐ வெரி லைக்' ஆக்குவது இன்னொரு பிழை. 'வெரி மச்' வாக்கியக் கடைசியில் வரட்டும்: 'ஐ லைக் இட் வெரி மச்'. சாப்பிட்டுக்கொண்டே இருப்பவரிடம் 'ஆர் யூ லைக்கிங் இட்?' என்று கேட்பதும் நம் ஊரில் சகஜம். நடந்துகொண்டிருக்கும் செயலுக்குத்தான் அந்த வடிவம். பிடித்தல் ஒரு நிலை, அதனால் 'டு யூ லைக் இட்?' போதும்.

வீட்டுக்கு வந்தவரிடம் 'டு யூ லைக் டீ?' என்று கேட்டால், டீ குடிக்கும் பழக்கம் உண்டா என்று விசாரித்ததாகத்தான் ஆகும். டீ கொடுக்கப்போகிறீர்கள் என்றால் 'உட் யூ லைக் சம் டீ?' என்று கேளுங்கள்.

இனி பசி. வேலூரில் இது பாடப்புத்தகத்தோடு நிற்கிற சமாச்சாரம் இல்லை. 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். தமிழ் தெரியாத மருத்துவரிடம் நம் வீட்டுப் பெரியவரின் நிலையை நாமே சொல்ல வேண்டிய நேரமும் வரும். "பசியே எடுக்கலைப்பா" என்று அவர் சொன்னதை 'ஹீ இஸ் நாட் ஹங்கிரி' என்று மாற்றினால், இந்த நிமிஷம் பசிக்கவில்லை, அவ்வளவுதான் என்றாகிவிடும். காலையில் நாலு இட்லி சாப்பிட்டவருக்கும் அந்த வாக்கியம் பொருந்தும். நாள்கணக்கில் பசி மந்தித்திருந்தால் 'ஹீ ஹாஸ் லாஸ்ட் ஹிஸ் ஆப்பிடைட்' என்று சொல்லி, எத்தனை நாளாக என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'ஆப்பிடைட்' என்பதில் அழுத்தம் முதல் அசையில் விழும்.

"சாப்பாடு இறங்கலை" என்பதில்தான் ஆபத்து அதிகம். தமிழில் இதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. மனசு செல்லவில்லை என்றால் 'ஹீ டஸின்ட் ஃபீல் லைக் ஈட்டிங்'. தொண்டையிலோ நெஞ்சிலோ சிக்குகிறது என்றால் 'ஹீ ஹாஸ் டிஃபிகல்ட்டி ஸ்வாலோயிங்'. இரண்டாவதைக் கேட்ட மருத்துவர் உணவுக்குழாயைப் பார்க்கச் சொல்வார். முதலாவதற்கு அவர் தேடும் காரணங்களே வேறு. சொல்வதற்கு முன் பெரியவரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்: "சாப்பிடப் பிடிக்கலையா, முழுங்க முடியலையா?"

குறிப்புச்சீட்டில் 'அனோரெக்சியா' என்று எழுதியிருப்பதைக் கைப்பேசியில் தேடிப் பயந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். அறிகுறியாக எழுதும்போது அதற்குப் பசியின்மை என்றுதான் பொருள். உடல் எடைக்கு அஞ்சிச் சாப்பாட்டையே ஒதுக்கும் மனநோய்க்கு 'அனோரெக்சியா நெர்வோசா' என்று முழுப் பெயர் உண்டு. குழந்தை 'லிஸ்ட்லெஸ்' என்று எழுதியிருந்தால் சோர்ந்து, எதிலும் நாட்டமில்லாமல் கிடக்கிறது என்று அர்த்தம். கடைக்குக் கொண்டுபோகும் லிஸ்டுக்கும் அதற்கும் உறவில்லை. விருப்பத்தைக் குறித்த 'லிஸ்ட்' என்றொரு பழைய சொல் இருந்தது, அதன் மிச்சம் இது. காமத்தைக் குறிக்கும் 'லஸ்ட்' அதற்கு நெருங்கிய சொந்தம். அதுவும் ஆதியில் வெறும் இன்பம் என்ற பொருளில்தான் இருந்தது. இன்று அப்படி எண்ணி 'ஐ ஹாவ் எ லஸ்ட் ஃபார் மியூசிக்' என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.

'ஹங்கர்' வயிற்றின் வேலை. 'ஆப்பிடைட்' சாப்பிடும் நாட்டம். 'கிரேவிங்' குறிப்பிட்ட ஒரு பொருளின் மேல் எழும் அடங்காத ஆசை. மசக்கையில் மாங்காய் கேட்கும் பெண்ணுக்கு வருவது இதுதான். பெயர்ச்சொல்லாக வந்தால் 'ஃபார்' கூடவே வரும்: 'எ கிரேவிங் ஃபார் கிரீன் மேங்கோஸ்'. வினையானால் 'ஃபார்' வேண்டாம், 'ஷீ கிரேவ்ஸ் கிரீன் மேங்கோஸ்' போதும். மண், சாம்பல், வேகாத அரிசி ஆகியவற்றின் மேல் ஆசை போனால் மருத்துவத்தில் அதைப் 'பைக்கா' என்பார்கள். இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்து அது வருவதுண்டு, அதனால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அரிசியைச் சொல்லும்போது 'அன்குக்டு ரைஸ்' என்று சொல்லுங்கள். நம் கடைகளில் 'ரா ரைஸ்' என்றால் பச்சரிசி, சமைத்துப் போட்டாலும் அதே பெயர்தான்.

சொல்லை மட்டும் மனப்பாடம் செய்வதால் பயனில்லை, அதன் பின்னால் ஒட்டிவரும் வாலையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பிரியத்தைச் சொல்லும் 'ஃபாண்ட்' வந்தால் 'ஆஃப்', ஆர்வத்தைச் சொல்லும் 'கீன்' வந்தால் 'ஆன்', ஏங்குவதைச் சொல்லும் 'ஹேங்கர்' வந்தால் 'ஆஃப்டர்', அதே ஏக்கத்துக்கு 'யேர்ன்' வந்தால் 'ஃபார்'. 'ஆஃப்', 'ஆன்' இவற்றை அடுத்து வரும் வினை 'இங்' வடிவம் எடுக்கும்: 'ஃபாண்ட் ஆஃப் குக்கிங்'. 'ப்ரிஃபர்' வந்தால் 'தேன்' வராது: 'ஐ ப்ரிஃபர் டீ டு காபி'. இன்னொன்று, 'ஃபாண்ட்' நாள்பட்ட பிரியத்துக்கான சொல். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை இன்றுதான் முதன்முதலாகச் சாப்பிட்டவர் 'ஐ ஆம் ஃபாண்ட் ஆஃப் இட்' என்று சொல்ல முடியாது. 'ஐ லைக் இட்' சொல்லலாம்.

ஃபேன்சி ஸ்டோர் இல்லாத கடைவீதி நமக்கு ஏது? அந்த 'ஃபேன்சி', 'ஃபேன்டசி'யின் குறுக்கம். பிரிட்டனில் அதை வினையாக்கி 'டு யூ ஃபேன்சி எ டீ?' என்று கேட்பார்கள், தப்பில்லை. டீக்குப் பதில் ஓர் ஆளின் பெயரைப் போட்டால் அது ஈர்ப்பைக் குறித்துவிடும், கவனம்.

கடைசியாக, ராணிப்பேட்டை, வாணியம்பாடி தோல் ஏற்றுமதி அலுவலகங்களில் கடிதம் எழுதுகிறவர்களுக்கு. 'வி வான்ட் யுவர் கன்ஃபர்மேஷன்' என்பது அதட்டலாக ஒலிக்கும். 'வி ஆர் டிசைரஸ் ஆஃப்' பழைய கோப்புகளின் மொழி, அதை விட்டுவிடலாம். 'வி உட் லைக்' எழுதுங்கள். வாங்குபவர் 'வி மே பி இன்டரெஸ்டட்' என்று எழுதினால் அதை ஆர்டராக எண்ணித் தோலை வெட்டத் தொடங்கிவிடாதீர்கள். 'வி ஆர் கீன் டு ஆர்டர்' என்றால் ஆவல் கூடியிருக்கிறது, ஆனால் ஆர்டர் இன்னும் வரவில்லை. லண்டன்காரர் 'யுவர் கீனஸ்ட் ப்ரைஸ்' கேட்டால், விலையில் அவருக்கு ஆர்வம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கடைசி விலையைத்தான் கேட்கிறார். உங்களுக்குக் கட்டுப்படியாகும் மிகக் குறைந்த விலையை எழுதி அனுப்ப வேண்டும்.

நன்றி, வணக்கம்.