அட்டையில் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், தயவுசெய்து

வணக்கம் மக்களே. நுவரெலியாவில் காலையிலிருந்து ஒரே பனிமூட்டம், எதிர்வீடு கூடத் தெரியவில்லை. போர்வைக்குள் கால்களை மடக்கிக்கொண்டு வாசிக்கவென்றே அமைந்த நாள். ஆனால் புத்தகத்தைத் திறக்கவே எனக்கு முக்கால் மணித்தியாலம் ஆகிவிட்டது. காரணம் இந்த விலை ஸ்டிக்கர்.

போன கிழமை கண்டியில் வாங்கினேன். மலையகச் சிறுகதைத் தொகுப்பு, சென்னையில் அச்சடித்தது. பெயரை வாசித்து முடித்த பிறகுதான் சொல்வேன், என் வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே. அட்டையில் லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு, வாசற்படியில் ஒரு அம்மாயி உட்கார்ந்திருக்கிறார். அழகான ஓவியம். ஸ்டிக்கரை எங்கே ஒட்டியிருக்கிறார்கள்? அந்த அம்மாயியின் முகத்திலேயே! சுற்றிலும் எவ்வளவு இடம் வெறுமனே கிடக்கிறது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

நகத்தால் மெதுவாகக் கிளப்பிப் பார்த்தேன். மேல்தாள் மட்டும் கிழிந்து வந்தது, பசை அப்படியே நின்றது. கண்டி ஏறக்குறைய 500 மீற்றர் உயரம், நாங்கள் இருப்பது 1,868 மீற்றரில். இந்தக் குளிருக்குப் பசை இறுகிக் கல்லாகிவிடுகிறது. சரி, தேங்காய் எண்ணெய் தடவலாம் என்று போத்தலை எடுத்தால் அதுவும் உறைந்து வெள்ளையாக நிற்கிறது. 24 பாகைக்குக் கீழே போனால் அது உறைந்துவிடும், இங்கே எந்தக் காலையில் அது உருகி இருந்திருக்கிறது?

அப்புறம்தான் வழி கிடைத்தது. கொதிக்கக் கொதிக்கப் பிளேன்டீ ஊற்றிய சில்வர் டம்ளரின் அடியை நன்றாகத் துடைத்து, ஸ்டிக்கரின் மேல் இரண்டு நிமிடம் வைத்தேன். பசை இளகியது. மூலையிலிருந்து, இழுக்காமல், அட்டையோடு படிய உரித்துக்கொண்டே வந்தேன். உள்ளே பார்த்தால் இன்னொரு ஸ்டிக்கர்! மேலே 1,350 ரூபாய், அடியில் 900 ரூபாய். பின்னட்டையில் இந்திய விலை 300.

விலையைப் பற்றி எனக்குக் குறையே இல்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் 2022இல் 350ஐயும் தாண்டியது. அந்த வருடம் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளையே தள்ளி வைத்தார்கள். இத்தனைக்குப் பிறகும் ஒரு கடைக்காரர் கடல் தாண்டிப் புத்தகம் கொண்டுவருகிறார் என்றால் கையெடுத்துக் கும்பிடலாம். நான் கேட்பது ஒன்றுதான். முதல் பக்கத்து மூலையில் பென்சிலால் விலையை எழுதுங்கள். அவ்வளவு போதும்.

ஆ, ஒன்றை விட்டுவிட்டேன். எண்ணெயை வீணாக எடுக்கவில்லை. போத்தலைச் சுடுதண்ணீரில் நிறுத்தி உருக்கி, மிச்சப் பசையைப் பஞ்சால் ஒற்றி எடுத்தேன். இந்த அட்டை பளபளப்பாக லேமினேட் செய்தது, அதனால்தான் துணிந்தேன். சாதாரண மட்டை என்றால் எண்ணெய்ப் பக்கமே போகாதீர்கள், கறை ஊறிவிடும்.

ஸ்டிக்கருக்கு அடுத்து எனக்குப் பிடிக்காதது எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுவது. எங்கள் வீட்டிலேயே ஒருவர் செய்கிறார், பெயர் சொல்லமாட்டேன், புத்தகத்தை மட்டும் கொடுக்கமாட்டேன். பக்க மூலையை மடிப்பவர்களுக்கும் கிடையாது. ஒரு பஸ் டிக்கட்டை வைத்தால் போதாதா? மழைக்காலத்தில் பூஞ்சணம் ஒரு பக்கம், இராமபாணப் பூச்சி ஒரு பக்கம் என்று புத்தகங்களைக் காப்பாற்றவே இங்கே பெரும் பாடு. நாமும் சேர்ந்து கெடுக்க வேண்டாமே.

கண்டியிலிருந்து வரும் பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிடலாம் என்று புத்தகத்தைத் திறந்தேன். கம்பளையைத் தாண்டவில்லை, பக்கத்துச் சீட்டு அக்கா கேட்டுவிட்டார்: “என்ன பிள்ளை, சோதனையா?” மலையகத்தில் பொம்பளைப் பிள்ளை கையில் புத்தகம் இருந்தாலே பரீட்சைதான்! இல்லை அக்கா, கதைப் புத்தகம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பார்த்தால் அவரும் என் தோளுக்கு மேலால் வாசித்துக்கொண்டிருக்கிறார். வழக்கமாக எனக்கு அது ஆகவே ஆகாது. ஆனால் அவர் தேயிலைக் கொழுந்தைப் பற்றி வந்த ஒரு வரியில் விரலை வைத்து, “எங்க மலையிலயும் இப்படித்தான்” என்றார். அதன் பிறகு பக்கம் திருப்பும் முன் அவர் முகத்தைப் பார்த்து, தலையாட்டியதும்தான் திருப்பினேன். இறம்பொடை வளைவுகளில் தலை சுற்றத் தொடங்கியதால் மூடி வைக்க வேண்டியதாயிற்று. கதை பாதியில் நிற்கிறதே என்று என்னைவிட அவருக்குத்தான் கவலை.

சரி, இப்போது பாருங்கள், கெமராவுக்குக் கிட்டவே காட்டுகிறேன். அம்மாயியின் முகம் முழுதாக வந்துவிட்டது. இரண்டு பக்கமும் மூக்குத்தி. இடது கன்னத்தில் மட்டும் மங்கலாக ஒரு சதுரம் தெரிகிறது, அது இனிப் போகாது. நான் அந்தப் பாதிக் கதையை முடித்துவிட்டு வருகிறேன்.